நினைவகமா, வட்டா? மடிக்கணினியின் மந்தம் தீர்க்கும் வழி

மடிக்கணினி மந்தமாகிவிட்டது என்ற முறையீட்டோடு கடைக்குச் செல்பவருக்குச் சாதாரணமாக இரண்டு பரிகாரங்கள் சொல்லப்படுகின்றன. ராம் என்று கடைகளில் வழங்கும் நினைவகத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது ஒன்று; சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி பொருத்திக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இரண்டாலும் வேகம் கூடும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதால், வாங்குபவர் பெரும்பாலும் கையிருப்பையும் கடைக்காரர் வாக்கையுமே ஆதாரமாகக் கொண்டு தீர்மானித்துவிடுகிறார். ஆனால் இவ்விரண்டும் ஒரே குறையைத் தீர்ப்பன அல்ல. நினைவகம் ஒரு பற்றாக்குறையை நீக்குகிறது. அந்தப் பற்றாக்குறை நீங்கிய பிறகு மேலும் எவ்வளவு சேர்த்தாலும் அதனால் விளையும் பிரயோஜனம் சொற்பமே. வட்டின் வேகமோ ஒவ்வொரு காத்திருப்பையும் சிறிது சிறிதாகக் குறுக்குகிறது. பற்றாக்குறை இருப்பினும் இல்லாவிடினும் அதன் பயன் ஓரளவு கிடைத்துக்கொண்டே இருக்கும். இந்தச் சுபாவ வேற்றுமையை உணர்ந்துகொண்டவருக்கு, முதலில் எதை வாங்குவது என்பது தம் கணினியைச் சற்று நேரம் கவனித்துப் பார்த்தாலே விளங்கிவிடும் விஷயமாகும்.

இரண்டு உறுப்புகளின் சுபாவம்

ஜவுளிக்கடையில் சேலை எடுக்கச் சென்றவர் முன்னே விரித்திருக்கும் பாய் அகலமானதாக இருந்தால், பத்துச் சேலைகளையும் ஒருங்கே பரப்பிவைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். பாய் குறுகியதாக இருந்தாலோ, புதிதாக ஒன்றை விரிக்கும்போதெல்லாம் முன்பு விரித்த ஒன்றை மடித்து உள்ளே அனுப்பியாக வேண்டும். கிடங்கு மாடியில் இருந்து, படியேறி இறங்கும் பணியாளும் ஒருவரே என்றால், வந்தவர் பொறுமை இழக்க அதிக நேரம் ஆகாது. பாயின் அகலந்தான் நினைவகத்தின் அளவு. கிடங்கிலிருந்து சரக்கு வந்துசேரும் விரைவே வட்டின் வேகம்.

நினைவகத்தின் மூல அமைப்பு, ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு 1968-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற ஒரு யுக்தியாகும். ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து ஒரு பிட்டைக் காப்பதும், அம்மின்தேக்கியின் மின்னூட்டம் கசியும் இயல்புடையதாதலால் அதை இடைவிடாது புதுப்பித்துக்கொண்டே இருப்பதும் அதன் தத்துவம். ஆகையால் மின்சாரம் நின்ற கணத்திலேயே நினைவகத்தில் உள்ளவை யாவும் அழிந்துபோகும். நிலையாக இருக்க வேண்டியவை அனைத்தும் வட்டில்தான் இருக்கின்றன.

வட்டு இருவகைப்படும். 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் இயந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. இன்றைய மடிக்கணினியின் வன்தட்டு உள்ளங்கையில் அடங்கிவிடும் ஆயினும், சுழலும் தட்டும் அதன்மீது நகரும் கையும் என்ற அமைப்பு இன்றும் மாறவில்லை. எஸ்எஸ்டி என்பதோ அசையும் உறுப்பு எதுவும் இல்லாதது. தோஷிபா நிறுவனத்தின் ஃபூஜியோ மசுவோகாவும் அவருடைய குழுவினரும் 1987-இல் அறிவித்த நாண்ட் வகை ஃபிளாஷ் நினைவகத்தின் வழிவந்தது அது. மின்காப்புச் சுவருக்குள் எலக்ட்ரான்களை அடைத்துவைப்பதன் மூலம், மின்சாரம் நின்ற பிறகும் தகவலைக் காத்துவைக்க வல்லது.

காலக்கணக்கு

மடிக்கணினிகளில் பெரும்பாலும் காணப்படும் வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி விநாடி ஆகின்றது. வேண்டிய இடம் கைக்கு நேரே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி, காத்திருக்க வேண்டும். கை உரிய தடத்துக்கு நகர்வதற்கு மேலும் சராசரியாகப் பன்னிரண்டு மில்லி விநாடி செல்லும். ஆகவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக்கிடக்கும் சிறு துணுக்குகளை எடுக்க நேர்ந்தால், விநாடிக்கு ஏறத்தாழ 60 துணுக்குகளுக்குமேல் அதனால் எடுத்துத்தர இயலாது. ஒரு துணுக்கு 4 கிலோபைட் என்று கொண்டால், விநாடிக்குக் கால் மெகாபைட்தான் ஆகின்றது. ஒரே வரிசையில் அமைந்த பெரிய கோப்பை விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் படிக்கும் அதே வட்டு, சிதறிய துணுக்குகளின் முன்னே இவ்வளவு எளிய நிலையை அடைகிறது. விண்டோஸ் தொடங்குவதும், ஒரு மென்பொருளைத் திறப்பதும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுக்கும் காரியங்களேயாதலால், வன்தட்டுள்ள கணினி காலையில் விழித்தெழ நிமிடக்கணக்கில் நேரம் எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

சாட்டா இணைப்புடைய சாதாரண எஸ்எஸ்டி அதே துணுக்கை மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துத்தரும். அதாவது விநாடிக்குப் பத்தாயிரம். நினைவகத்துக்கு ஆகும் நேரமோ நூறு நானோ விநாடியை ஒட்டியது; எஸ்எஸ்டியைவிட அது ஆயிரம் மடங்கு விரைவானது. வன்தட்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறினால் நூறு மடங்குக்குமேல் லாபம் என்பதையும், மிகச் சிறந்த எஸ்எஸ்டிகூட நினைவகத்துக்கு ஈடாகாது என்பதையும் இந்த மூன்று எண்கள் தெரிவிக்கின்றன.

இவ்விடத்தில் விளம்பரங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். சாட்டா எஸ்எஸ்டியின் உச்ச வேகம் விநாடிக்கு 550 மெகாபைட் என்றும், என்விஎம்இ என்னும் வேகமான வகையின் வேகம் 3,500 அல்லது 7,000 மெகாபைட் என்றும் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அவை பெரிய கோப்புகளை வரிசையாகப் படிக்கும்போது கிடைக்கும் எண்கள். அன்றாட உபயோகத்தில் மிகுதியாக நிகழும் சிறு துணுக்குகளின் தனித்தனி வாசிப்பில் இரு வகைகளுக்கும் உள்ள வேற்றுமை இரண்டு மடங்கை ஒட்டியே நிற்கும். ஆகையால் வன்தட்டை விட்டு எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் மாற்றம் உடனே தெரியும். ஓர் எஸ்எஸ்டியை விட்டு மற்றோர் எஸ்எஸ்டிக்கு மாறுபவருக்கோ, பெரிய காணொலிக் கோப்புகளை ஓயாமல் கையாள்பவராக இருந்தாலன்றி, செலவு மட்டுமே நன்றாகத் தெரியும்.

நினைவகம் நிரம்பும்போது நிகழ்வது

நினைவகம் போதாதபோது கணினி நின்றுவிடுவதில்லை. 1962-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி, சிறிய முதன்மை நினைவகத்தையும் அதற்குப் பின்னாலிருந்த காந்த உருளையையும் ஒன்றாகப் பாவித்து, நிரலுக்கு ஒரே பெரிய நினைவகம் இருப்பதுபோல் காட்டியது. அந்த யுக்திதான் இன்று மடிக்கணினி இயங்குதளங்களிலும் உள்ளது. நினைவகம் பெரும்பாலும் 4 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்பட்டு, சமீபத்தில் தொடப்படாத பக்கங்கள் வட்டுக்கு அனுப்பப்படுகின்றன. மீண்டும் தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவரப்படுகின்றன.

இந்த ஏற்பாட்டின் எல்லையைத் தெளிவாக வகுத்துக் காட்டியவர் பீட்டர் டென்னிங் என்ற அமெரிக்க அறிஞர். எந்த நிரலும் ஒரு குறிப்பிட்ட காலப்பகுதியில் தன் பக்கங்களில் ஒரு பகுதியை மட்டுமே மீண்டும் மீண்டும் தொடுகின்றது என்பதையும், அப்பகுதி முழுவதும் நினைவகத்தில் அடங்கும்வரை காரியம் தடையின்றி நடக்கும் என்பதையும், அடங்காதபோது கணினி தன் நேரத்தையெல்லாம் பக்கங்களைப் போக்குவரத்துச் செய்வதிலேயே கழித்துவிடும் என்பதையும் அவர் 1968-இல் எடுத்துரைத்தார். நினைவகத்தின் பயன் படிப்படியாகக் கூடாமல், ஒரு வரம்பைக் கடந்ததும் திடீரென்று தோன்றுவதன் காரணம் இதுவே. 4 ஜிபியில் தவித்த கணினி 8 ஜிபியில் சுகமாக இயங்கலாம். அதே வேலைக்கு 16 ஜிபி கொடுத்தால், மிகுந்த இடத்தை இயங்குதளம் கோப்புகளின் பிரதிகளை வைத்துக்கொள்ளப் பயன்படுத்துமேயன்றி, பார்ப்பவர் கண்ணுக்குப் பெரிய வேற்றுமை புலப்படாது.

நினைவகத்தில் அடங்காமல் வட்டுக்கு வழிந்தது 1 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். அது 2,62,144 பக்கங்கள் ஆகும். அவை முற்றிலும் சிதறிக்கிடந்து ஒவ்வொன்றாக எடுக்கப்படுமானால், வன்தட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் செல்லும். எஸ்எஸ்டிக்கு அரை நிமிடத்துக்குள் முடியும். நடைமுறையில் இயங்குதளம் அடுத்தடுத்த பக்கங்களைச் சேர்த்தே எடுப்பதால் நிலைமை இவ்வளவு கடுமையாவதில்லை. ஆயினும் விகிதம் இத்தகையதே. நினைவகம் குறைந்த கணினியிலும் எஸ்எஸ்டி பொருத்தினால் அது தாங்கத்தக்கதாக ஆகிவிடுவது இதனால்தான். மறுபுறம், வன்தட்டுள்ள கணினியில் எவ்வளவு நினைவகம் சேர்த்தாலும், முதல்முறை திறக்கும் ஒவ்வொன்றும் அந்த மந்தமான வட்டிலிருந்தே வந்தாக வேண்டும்.

வாங்குமுன் செய்யவேண்டிய பரீட்சை

கருவி எதுவுமின்றியே செய்யக்கூடிய பரீட்சை ஒன்று உண்டு. கணினியைப் புதிதாகத் தொடங்கி, அது அமைதியடைந்த பிறகு, அடிக்கடி உபயோகிக்கும் மென்பொருள் ஒன்றைத் திறந்து, மூடி, உடனே மீண்டும் திறக்க வேண்டும். முதல்முறை நெடுநேரமும் இரண்டாம்முறை சொற்ப நேரமும் ஆகுமானால், குறை வட்டில் இருக்கிறது; இரண்டாம்முறை நினைவகத்தில் இருந்த பிரதியே உதவியது என்பது பொருள். தொடக்கத்தில் நன்றாக இயங்கி, உலாவியில் பல பக்கங்களும் வேறு சில மென்பொருள்களும் திறந்த பிறகு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதெல்லாம் திரை உறைந்து நிற்குமானால், குறை நினைவகத்தில் இருக்கிறது.

இதை எண்களால் உறுதிப்படுத்திக்கொள்ளவும் வழியுண்டு. விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில் மெமரியும் டிஸ்க்கும் தனித்தனியே காட்டப்படும். அன்றாட வேலைகளையெல்லாம் வழக்கம்போல் திறந்துவைத்துக்கொண்டு பார்ப்பது முக்கியம். வெறுங்கணினியைப் பார்த்து முடிவுக்கு வருவதில் பயனில்லை. நிரல்களுக்கு ஒதுக்கப்பட்ட மொத்த அளவைக் காட்டும் கமிட்டெட் என்ற எண், பொருத்தப்பட்டுள்ள நினைவகத்தைவிட வெகுவாக மிகுந்திருந்து, மீதியிருப்பதைக் காட்டும் அவைலபிள் என்ற எண் சில நூறு மெகாபைட்டாகச் சுருங்கியிருந்தால், பற்றாக்குறை ஐயத்துக்கிடமின்றி இருக்கிறது. நினைவகத்தில் கணிசமான அளவு மீதியிருக்கையிலேயே, வட்டு மட்டும் நூறு விழுக்காடு வேலையில் இருப்பதாகவும், ஆனால் விநாடிக்கு ஒன்றிரண்டு மெகாபைட்டே நகர்வதாகவும் தெரிந்தால், அது வன்தட்டின் திணறலேயாகும். மேக் கணினியில் ஆக்டிவிட்டி மானிட்டர் காட்டும் மெமரி பிரஷர் என்ற வரைபடம் பச்சையாகவே இருந்தால் நினைவகம் போதும். மஞ்சளும் சிவப்பும் அடிக்கடி தோன்றினால் போதாது.

நினைவகம், வட்டு ஆகிய இரண்டின் எண்களும் சாதாரணமாக இருந்தும் மந்தம் நீங்கவில்லையென்றால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்வது உசிதம். விசிறியில் தூசி அடைந்து, சூடேறிய செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதும், இணைய இணைப்பு மெதுவாக இருப்பதும், செயலியே பழமையானதாக இருப்பதும் நினைவகத்தாலோ வட்டாலோ தீரக்கூடியவை அல்ல.

தீர்மானிக்கும் முறை

வன்தட்டும் 4 ஜிபி நினைவகமும் உள்ள பழைய கணினிகள் நம் வீடுகளில் உண்டு. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளைப் போன்று, அந்த ஆண்டுகளில் வந்த எளிய மடிக்கணினிகள் பெரும்பாலும் வன்தட்டோடுதான் வந்தன. இத்தகைய கணினிக்கு முதற்செலவு எஸ்எஸ்டிக்கே உரியது. கையில் மீதியிருந்தால் நினைவகத்தை 8 ஜிபி ஆக்கலாம். நினைவகம் 2 ஜிபியே என்றால், எஸ்எஸ்டி ஒன்றால் மட்டும் காரியம் நடவாது. இரண்டையும் மாற்ற வேண்டும், அல்லது எளிய லினக்ஸ் வகை ஒன்றை நிறுவிக்கொள்ள வேண்டும்.

வன்தட்டும் 8 ஜிபியும் உள்ள கணினிக்கு எஸ்எஸ்டியைத் தவிர வேறெதையும் யோசிக்கவேண்டிய அவசியமில்லை. எஸ்எஸ்டியும் 4 ஜிபியும் உள்ள கணினிக்கு நினைவகமே முதல். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது உண்மையாயினும், நிறுவ முடிவது வேறு, நிம்மதியாக வேலை செய்ய முடிவது வேறு. எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் உள்ளவர், கடிதம், கணக்கு, இணையம், இணையவழி வகுப்பு ஆகியவற்றோடு நிற்பவரானால் எதையும் வாங்கவேண்டியதில்லை. நிழற்படத் திருத்தம், நிரலாக்கம், ஒரு கணினிக்குள் மற்றொரு இயங்குதளத்தை ஓட்டுவது ஆகியவை தொழிலாக இருந்தால் 16 ஜிபியும், உயர்தரக் காணொலித் தொகுப்பு தொழிலாக இருந்தால் 32 ஜிபியும் நியாயமான தேவைகள். செயலியோடு இணைந்த கிராஃபிக்ஸ் அமைப்பு தனக்கென நினைவகம் இல்லாமல் பொது நினைவகத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால், இரண்டு துளைகளிலும் ஒரே அளவுள்ள துண்டுகளைப் பொருத்தி இரட்டைத் தடத்தில் இயக்குவது படக்காட்சிக்கும் விளையாட்டுக்கும் அனுகூலமானது.

புதிய மடிக்கணினி வாங்குபவருக்கு மட்டும் இந்த முறை தலைகீழாகும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகின்றது. ஆப்பிள் நிறுவனம் 2012-இல் ரெட்டினா திரையுள்ள மேக்புக் புரோவில் இம்முறையைக் கைக்கொண்டது. வட்டைப் பின்னால் மாற்றிக்கொள்ளப் பல கணினிகளில் இடமுண்டு. பற்றவைத்த நினைவகத்தை மாற்ற வழியில்லை. ஆகவே புதிதாக வாங்கும் வேளையில், சிறிய வட்டோடு பெரிய நினைவகம் உள்ளதைத் தேர்ந்தெடுப்பதே விவேகம்.

பொருந்துமா என்று பார்த்தல்

டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியில், மொத்தம் எத்தனை துளைகள், அவற்றுள் எத்தனை நிரம்பியுள்ளன என்பது காட்டப்படும். பற்றவைத்த நினைவகமும் அங்கே துளையாக எண்ணப்படலாமாதலால், மாதிரி எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் கையேட்டிலும் பார்த்து, கணினி ஏற்கும் உச்ச அளவைத் தெரிந்துகொள்வது அவசியம். மடிக்கணினித் துண்டுகளில் டிடிஆர்3 வகைக்கு 204 ஊசிகளும், டிடிஆர்4 வகைக்கு 260-உம், டிடிஆர்5 வகைக்கு 262-உம் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. டிடிஆர்3-இலேயே 1.5 வோல்ட்டில் இயங்குவதும், டிடிஆர்3எல் என்று குறிக்கப்பட்டு 1.35 வோல்ட்டில் இயங்குவதும் என இரண்டு உண்டு; பிற்பட்டதை மட்டுமே ஏற்கும் கணினிகள் பல இருப்பதால், பழைய துண்டைக் கழற்றிக் கையோடு எடுத்துச்செல்வது நல்லது. விற்பனையில் அருகிவிட்ட டிடிஆர்3 துண்டுகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய சரக்காகக் கிடைக்கும். அவற்றை வாங்கினால், விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் சோதனையை ஓட்டிப் பார்த்த பிறகே திருப்தி கொள்ள வேண்டும். 32 பிட் விண்டோஸ் உள்ள கணினி 4 ஜிபிக்குமேல் பயன்படுத்தாது என்பதையும் மறத்தலாகாது.

வட்டைப் பொறுத்தவரை, பழைய கணினிகளுக்கு 2.5 அங்குல அளவும் 7 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். புதியவற்றில் எம்.2 என்னும் மெல்லிய பட்டை வடிவம். 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்டதை 2280 என்று குறிப்பார்கள். ஒரே எம்.2 வடிவத்தில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. கணினியின் துளை எதை ஏற்கும் என்பதை அறியாமல் வாங்கினால் திருப்பிக் கொடுக்க அலைய நேரும். எஸ்எஸ்டி விரைவில் தேய்ந்துவிடும் என்ற அச்சம் இல்லத்து உபயோகத்தைப் பொறுத்தவரை மிகையானது. 500 ஜிபி வட்டுக்கு 150 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் என்று கொண்டால், நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் அந்த எல்லையைத் தொட இருபது ஆண்டுகள் செல்லும். வட்டை முழுவதும் நிரப்பிவிடாமல் எட்டில் ஒரு பங்கையாவது காலியாக விட்டுவைப்பது அதன் வேகத்துக்கு நல்லது.

விலைகளும் ஒரே நிலையில் நிற்பன அல்ல. செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவை பெருகியதால் 2025-இன் இறுதியில் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. அத்தகைய காலங்களில் பரீட்சையின் முடிவு ஐயத்துக்கிடமாக இருந்தால், நினைவகம் வாங்குவதை ஒத்திப்போடுவதில் நஷ்டமில்லை.

மாற்றும்போது கவனிக்கவேண்டியவை

நினைவகம் பொருத்துவது எளிய காரியம். மின்கம்பியைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரியானால் கழற்றி, உள்ளே பொருத்தியதானால் அதன் இணைப்பை நீக்கி, உடலிலுள்ள நிலைமின்சாரம் போக ஓர் உலோகப் பொருளைத் தொட்ட பின், துண்டைச் சாய்வாகச் செருகி, இரு பக்கப் பிடிகளும் சொடுக்கென்று விழும்வரை அழுத்த வேண்டும். வட்டு மாற்றுவதற்கு அதைக் காட்டிலும் முன்னேற்பாடு தேவை. முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் பிரதி எடுத்துக்கொள்வது முதற்கடமை. வட்டிலுள்ளவற்றை மறையாக்கிக் காக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு இருந்தால் அதன் மீட்புக் குறியீட்டை எழுதிவைத்துக்கொள்வது அடுத்தது. பழைய வட்டில் உள்ளதையெல்லாம் அப்படியே புதியதில் பிரதிசெய்யலாம்; இதைக் குளோன் என்பார்கள். ஆண்டுக்கணக்கில் குப்பை சேர்ந்த கணினியானால், இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே மேலானது. வேலை முடிந்ததும் முன்பு செய்த அதே பரீட்சையை அதே மென்பொருள்களோடு மீண்டும் செய்து, கமிட்டெட் எண்ணும் திறக்கும் நேரமும் எவ்வளவு மாறின என்று ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டாவது செலவு தேவையா என்பது தெளிவாகும்.

கழற்றிய வன்தட்டு நல்ல நிலையில் இருந்தால் எறிந்துவிடலாகாது. டிவிடி இயக்கி உள்ள கணினியில் அதை எடுத்துவிட்டு, கேடி என்று விற்கும் சட்டத்தில் வைத்து அங்கேயே பொருத்தலாம்; அல்லது யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டு வெளிவட்டாக்கலாம். பிரதி எடுத்துவைக்கும் வேலைக்கு மந்தம் ஒரு குறையல்ல; மேலும், நெடுங்காலம் மின்சாரமின்றிக் கிடக்கும் எஸ்எஸ்டியில் மின்னூட்டம் கசிந்து தகவல் கெடக்கூடுமாதலால், அலமாரியில் வைத்துக் காக்கவேண்டிய குடும்பப் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் அந்தப் பழைய வட்டே தகுந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை இணைத்து, புதியவற்றைப் பிரதி எடுத்து, பழையவை திறக்கின்றனவா என்று பார்த்து வைக்க வேண்டும்.